எட்டேழுக்கு முன்னால்

ஏழேழு நாற்பத்தொன்பது என்று சொன்ன உதடுகள் மூடாமல் அப்படியே நிற்கின்றன, அடுத்து எட்டேழு வரவேண்டும், வரவில்லை, மகளின் கண்கள் அவன் முகத்தின்மேல்தான் இருக்கின்றன, ஆனால் அவனைப் பார்க்கவில்லை, இமைகள் மட்டும் காற்றுப் பட்டாற்போல் லேசாகத் துடிக்கின்றன, சொல்லுட்டி, எட்டேழு எவ்வளவு, எவ்வளவுன்னு கேக்கேன்லா, அண்ணாச்சி, எவ்வளவுன்னு சொல்லுங்க, பெயின்ட் காயுது, என்று வேறொரு குரல் கேட்டுக் குற்றாலிங்கம் நிமிர்ந்தபோது அவன் வீட்டில் இல்லை, தென்காசிக்கு வெளியே மரமில்லின் முற்றத்தில், வெயிலில், ஒரு தேக்குத் தடியின்மேல் கையூன்றிக் குனிந்திருந்தான், எதிரே டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சுடலைமணி குத்தவைத்திருந்தான், பத்து வருடமாக இவன் வாயால் சொல்கிற கன அடியைத் தடியின் வெட்டுமுகத்தில் சிவப்புப் பெயின்டால் எழுதுகிற ஆள். டேப் காட்டியது ஐம்பத்தாறு அங்குலச் சுற்றளவு. ஐம்பத்தாறை நாலால் வகுத்தால் பதினாலு, பதினாலைப் பதினாலால் பெருக்கி, நீளம் ஒன்பதடி, அதனாலும் பெருக்கி, நூற்று நாற்பத்து நாலால் வகுத்தால் தீர்ந்தது, சுடலைமணி பிரஷ்ஷை டப்பாவில் முக்கி எடுப்பதற்குள் சொல்லிவிடுவான் ஒரு காலத்தில், ஒரு காலம் என்ன ஒரு காலம், மூன்று வாரத்துக்கு முன்பு வரை அப்படித்தான், இப்போது ஐம்பத்தாறு என்ற எண்ணைக் கண்டதுமே உள்ளே எல்லாம் நின்றுபோகிறது, பன்னிரண்டே கால், எழுது, என்று ஒருவழியாகச் சொன்னான். எங்க போயிட்டீங்க அண்ணாச்சி, என்று சுடலைமணி சிரித்தான், விளையாட்டாகத்தான் கேட்டான், ஆனாலும் அந்த வார்த்தை இவனுக்குச் சுருக்கென்று தைத்தது, ஏனென்றால் சின்னவள் அகல்யாவும் அதையேதான் சொல்வாள், எப்பா, அக்கா போயிட்டா.

பத்தாவதோடு நின்றவன் குற்றாலிங்கம், ஆனால் பெருக்கல் வகுத்தல் அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததுபோல் இல்லை, மரம் வாங்க வரும் புனலூர் வியாபாரிகள் கையில் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு இவன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், இவன் சொன்ன பிறகு தட்டிப் பார்ப்பார்கள், சரியாக இருக்கும், ஒருவர் தோளைத் தட்டுவார், இன்னொருவர் தலையை ஆட்டுவார், அந்தத் தலையாட்டலுக்காகவே அவன் காலையில் மில்லுக்குக் கிளம்புகிறான் என்று மனைவி செண்பகம் கேலி செய்வாள். அப்படிப்பட்டவனை ஜூன் மாதக் கடைசியில் நாலாம் வகுப்பு டீச்சர் கூப்பிட்டு அனுப்பினாள், உலகேஸ்வரி கவனிக்கவே மாட்டேங்கா சார், பாதிக் கணக்குல பென்சில வச்சிட்டு வேடிக்க பாக்கா, வகுத்தல்ல இறக்குன நம்பரையே திரும்பவும் இறக்குதா, நாம பேசுதது காதுலயே விழாத மாதிரி உக்காந்திருக்கா, வீட்ல கொஞ்சம் பக்கத்துல வச்சுச் சொல்லிக்கொடுங்க, என்றாள். வகுத்தல் வரவில்லையா, என் மகளுக்கா, என்று பள்ளிக்கூட வாசலிலிருந்து வீடுவரை அவன் தனக்குள் கேட்டுக்கொண்டே நடந்தான், பக்கத்தில் வந்த உலகு, வீட்டில் எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள், ஒன்பது வயது, அவன் விரலைப் பிடித்துக்கொண்டு ஏதோ பாடிக்கொண்டே வந்தாள், டீச்சர் திட்டுனாங்களாப்பா, என்று கேட்டாள், இல்லட்டி, என்றான், உன்னயப் பெரிய கணக்குப்புலியா ஆக்கணும்னாங்க. மறுநாளே மில்லில் கழித்துப் போட்ட பலகை ஒன்றை இழைத்துக் கறுப்புப் பெயின்ட் அடித்துக் கொண்டுவந்தான், சாயங்காலம் ஆறு மணிக்குப் பாயை விரித்தால் ஏழரை வரை பாடம், செண்பகம் ஜவுளிக்கடை வேலை முடிந்து வர எட்டாகிவிடும், அதனால் அவனும் இரண்டு பிள்ளைகளும்தான், அகல்யா ஒன்றாம் வகுப்பு, அவளுக்குக் கூட்டல்கூட முழுதாக வராது, அக்கா தொடையோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவன் ஒரே ஒரு சட்டம் வைத்தான், வாய்ப்பாடு சொல்லும்போது நிறுத்தக் கூடாது, மூச்சை இழுத்து இழுத்து, ஓட்டமாய் ஓடி, மூன்றிலிருந்து ஒன்பதுவரை ஒரே மூச்சாக முடிக்கவேண்டும், நின்னா நம்பர் ஓடிப்போயிரும் பாத்துக்கோ, என்பான், உலகுவுக்கு அது பிடித்துத்தான் இருந்தது, நெஞ்சு ஏறி இறங்க, முகம் சிவக்க, ஓரேழு ஏழு ஈரேழு பதினாலு மூவேழு இருபத்தொண்ணு என்று விரட்டுவாள், முடித்துவிட்டால் பாயில் மல்லாந்து விழுந்து மூச்சுவாங்கச் சிரிப்பாள், அகல்யா அவள் வயிற்றின்மேல் ஏறி உட்காருவாள், அந்தச் சிரிப்பும் இருந்தது, இல்லையென்று யாரும் சொல்ல முடியாது, ஆனால் இப்போது நினைக்கும்போது அந்தச் சிரிப்புக்கூட அவனுக்குத் துணையாக வர மறுக்கிறது.

ஏனென்றால் சில நாள் ஓட்டம் நடுவில் நின்றுவிடும். முதலில் மறதி என்று நினைத்தான், பிறகு யோசிக்கிறாள் என்று நினைத்தான், ஆனால் யோசிக்கிற பிள்ளை கூரையைப் பார்க்கும், விரலை மடக்கும், இவள் அவன் முகத்துக்கு நேரே வெறித்துப் பார்த்தபடி இருப்பாள், ஏட்டி உலகு, என்றாலும் பதில் கிடையாது, பத்து எண்ணுகிற நேரம் போகும், பிறகு எதுவுமே நடக்காததுபோல் ஒம்பதேழு அறுபத்துமூணு என்று தொடங்குவாள், எட்டேழு எங்கட்டி, என்றால், சொன்னேன்லாப்பா, என்பாள் அவ்வளவு சுத்தமாக. அவ்வளவு சுத்தமாக ஒரு பொய்யை ஒன்பது வயதுப் பிள்ளை சொல்லுமா என்று அவன் திகைத்தான், திகைப்பு கோபமானது, அது நடந்தது ஆடி மாதம், வெளியே சாரல் பெய்துகொண்டிருந்தது, ஓட்டில் விழும் சத்தத்தைவிட உரக்கச் சொல்லுட்டி என்று கத்தினான், அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், கை தானாகப் போய் அவள் தொடையில் விழுந்தது, பளீரென்று, அவள் அழவில்லை, கத்தவில்லை, தொடையை இழுத்துக்கொள்ளக்கூட இல்லை, அந்த வெறித்த பார்வை அப்படியே இருந்தது, அதுதான் அவனைச் சுட்டது, அடித்த கையைவிட அடிபட்ட பிள்ளை பெரிதாக நிற்பதுபோல், இவ்வளவு திமிரா, என்று நினைத்தான், திமிர் என்ற சொல்லையே நினைத்தான், அதை அவனால் இப்போது மாற்ற முடியாது. கொஞ்ச நேரம் கழித்து அவள் வாய்ப்பாட்டைத் தொடர்ந்தாள், தொடரும்போதே ஒரு கை தொடைக்குப் போய்த் தேய்த்தது, சட்டென்று அகல்யா பக்கம் திரும்பினாள், ஏட்டி, எதுக்குக் கிள்ளுத, என்றாள். நான் கிள்ளல, அப்பாதான் அடிச்சாங்க, என்றாள் அகல்யா. பொய் சொல்லாத, எங்கப்பா அடிக்கவே மாட்டாங்க, நீதான் கிள்ளுன, என்று உலகு அழத் தொடங்கினாள், இரண்டு பேரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள், தீர்ப்புக்காக, அவன் வாயைத் திறக்கவில்லை. அடித்தது தெரியாததுபோல் நடித்து என்னையே கேலி செய்கிறாள் என்றுதான் அந்த நேரம் அவனுக்குப் பட்டது, அவளிடம் போய் நான்தான் அடித்தேன் என்று சொல்லி இறங்கிப்போக அவனுக்கு மனம் வரவில்லை, அகல்யா, நீ தள்ளி உக்காரு, என்று மட்டும் சொன்னான். அடுத்த முறை அது நடந்தபோது அகல்யா பாயின் அந்தக் கோடியில் இருந்தாள், அப்போதும் உலகு தொடையைத் தேய்த்துக்கொண்டு தங்கையைத்தான் முறைத்தாள், அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு பிள்ளை எப்படிக் கிள்ளும் என்று அவனாவது யோசித்திருக்கலாம். பதிலுக்கு உலகு கிள்ளுவாள், இவன் பார்க்காதபோது, அகல்யாவின் முழங்கைக்கு மேலே சின்னச் சின்ன நகத் தடங்களைச் செண்பகம் குளிப்பாட்டும்போது பார்த்துவிட்டு உலகுவைத் திட்டினாள், தங்கச்சியப் போய் இப்படிச் செய்வியா, உலகு சொன்னாள், அவதாம்மா தெனமும் கிள்ளுதா, எனக்குச் சும்மா சும்மா வலிக்கி. குற்றாலிங்கம் அப்போது வாசலில் நின்று சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான், எல்லாம் அவன் காதில் விழுந்தது.

எத்தனை தடவை, என்று இப்போது தன்னைக் கேட்டுப் பார்க்கிறான், ஆடி, ஆவணி, புரட்டாசி, வாரத்துக்கு ஒன்றா இரண்டா, எந்தத் தடியின் கன அடியையும் மறக்காதவனுக்கு இந்தக் கணக்கு மட்டும் கிடைக்கவில்லை. அகல்யா அவனிடம் சொல்லிப் பார்த்தாள், அதுதான் நினைக்க நினைக்கத் தாங்கவில்லை, ஆறு வயதுப் பிள்ளை, எப்பா, அக்கா போயிட்டா, இரு, இப்ப வந்துருவா, என்று அவன் கையைப் பிடித்து நிறுத்துவாள், உலகுவின் இமைத் துடிப்பு நின்றதும் அவள் காதோரம் குனிந்து எட்டேழு என்று கிசுகிசுப்பாள், விட்ட இடத்தை எடுத்துக் கொடுப்பதற்காக, அவன் அதைக் காப்பியடிக்கச் சொல்லித்தருவது என்று எடுத்துக்கொண்டு அவளையும் அதட்டினான். நோட்டுகள் இருக்கின்றன, அவற்றையும் மில்லுக்குக் கிளம்புமுன் இன்று காலையில் எடுத்துப் பார்த்தான், வகுத்தல் கணக்கின் நடுவே, கழித்து இறக்கவேண்டிய இடத்தில், பென்சில் கோடு எண்ணாக ஆகாமல் வால்போல் கீழ்நோக்கி வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது, ஒரு பக்கத்தில் ஒன்று, சில பக்கத்தில் மூன்று, ஒவ்வொரு வாலின் மேலும் அவனே அழிரப்பரால் தேய்த்த கறை, பக்கத்தில் அவனே சிவப்பு மையில் எழுதிய கவனம் என்ற சொல், கீழே இரண்டு கோடு.

புரட்டாசிக் கடைசியில், டீச்சர் வகுப்பு வாட்ஸப் குரூப்பில் ஏழாம் வாய்ப்பாட்டை எல்லாப் பிள்ளைகளும் பார்க்காமல் சொல்லி வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும் என்று போட்டிருந்தாள். போனை அகல்யா பிடித்தாள், நான்தான் பிடிப்பேன் என்று அடம்பிடித்து வாங்கினாள், உலகு தலைவாரிப் பொட்டு வைத்துப் பலகைக்கு முன்னால் நின்றாள், அவன் படத்தில் விழாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தான், நிறுத்தாமச் சொல்லு, ம், என்றான், அவள் ஓடினாள், ஏழேழு நாற்பத்தொன்பதில் நின்றாள், வீடியோ ஓடுதுட்டி, சொல்லு, என்றான், பிறகு நடந்தது நடந்தது, உலகு தொடையைத் தேய்த்துக்கொண்டே ஒம்பதேழிலிருந்து பத்தேழுவரை முடித்துக் கும்பிடும் போட்டாள். வீணாய்ப் போன வீடியோ என்று அவன் போனைக் கட்டிலில் எறிந்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டான், அழிக்கவில்லை, எட்டு மணிக்குச் செண்பகம் வந்தவள் பிள்ளை எப்படிச் சொல்லியிருக்கிறாள் என்று ஆசையாக எடுத்துப் பார்த்திருக்கிறாள், அவன் பால் வாங்கிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது அவள் இன்னும் தோள்பையைக்கூடக் கழற்றாமல் அடுப்படியில் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். இது யாரு கை, என்று கேட்டாள். அவன் பார்த்தான், அகல்யாவின் கைநடுக்கத்தில் ஆடுகிற படம், நடுவில் உலகுவின் முகம், திறந்த வாய், துடிக்கிற இமை, ஓரத்திலிருந்து ஒரு கை வருகிறது, மணிக்கட்டில் மில்லின் சிவப்புப் பெயின்ட், அந்தக் கை தொடையில் விழுகிற சத்தம், படத்தையே ஒரு குலுக்கு குலுக்குகிறது, அகல்யா பயந்திருப்பாள், ஆனால் அந்த முகம், நடுவில் இருக்கிற அந்த முகம், ஒரு மயிரிழைகூட மாறவில்லை. மொகம் சுருங்கல பாருங்க, என்றாள் செண்பகம் மெதுவாக, அடி விழுந்தது அவளுக்குத் தெரியவே இல்ல, இங்க பாருங்க, இப்பத்தான் வாரா, இப்பத்தான் வலிக்கி அவளுக்கு. அவள் திரும்பத் திரும்ப அந்தப் பதினோரு நொடியையும் ஓட்டினாள், எத்தன நாளா, என்று கேட்டாள், அடையாளம் எதுவும் விழுறாப்ல அடிக்கல, என்று அவன் சொன்னான், சொன்ன பிறகுதான் அது கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை என்று அவனுக்கே தெரிந்தது, செண்பகம் போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள், அதற்குப் பிறகு அந்தப் போனை அவனிடம் தரவே இல்லை, டாக்டரிடம் காட்டுகிறவரை.

பாளையங்கோட்டையில் ஒரு நரம்பு டாக்டரம்மா வீடியோவை இரண்டு தடவை பார்த்தார், ஒரு தடவை தலையை நிமிர்த்தி மேஜைமேல் இருந்த அவன் கையைப் பார்த்தார், அவன் கையை மடிக்கு எடுத்துக்கொண்டான். பிறகு ஒரு காகிதத்தை நீளவாக்கில் கிழித்து உலகுவின் மூக்குக்கு முன்னால் பிடித்தார், ஊதும்மா, நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாம ஊது, காகிதம் கீழே வரக் கூடாது, என்றார், உலகு அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இது அவளுக்குத் தெரிந்த விளையாட்டுத்தானே, நெஞ்சை நிரப்பி நிரப்பி ஊதினாள், காகிதம் பறந்தது, பறந்தது, சுவர்க்கடிகாரத்தில் முள் ஒன்றரைச் சுற்று வந்திருக்கும், காகிதம் தொங்கிவிட்டது, அதே வாய், அதே இமை, டாக்டர் அவள் காதருகே பச்சைக்கிளி என்றார், தெளிவாக, சத்தமாக, அகல்யா அம்மா மடியிலிருந்து, அக்கா போயிட்டா, என்றாள், யாரும் அவளை அதட்டவில்லை, டாக்டர் அவளைத் திரும்பிப் பார்த்து, ஆமா, கரெக்டாச் சொன்னே, என்றார். உலகு வந்ததும், நான் ஒரு வார்த்தை சொன்னேனே, என்ன வார்த்தை, என்று கேட்டார், அவள் எல்லார் முகத்தையும் பார்த்தாள், நீங்க ஒண்ணும் சொல்லலையே. இது ஒருவகை வலிப்பு, கை கால் இழுக்காது, சில நொடி மூளை அப்படியே நின்னுட்டுத் திரும்ப ஓடும், அந்த நேரம் கூப்பிட்டாலும் தெரியாது, தொட்டாலும் தெரியாது, ஒருநாளைக்குப் பல தடவ வந்திருக்கும், மருந்துல நல்லாவே கட்டுப்படும், நிறையப் பிள்ளைகளுக்கு வளர வளர நின்னும் போகும், பயப்படாதீங்க, என்று டாக்டர் பொறுமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார், வேகவேகமா மூச்சு விட்டா இது கிளம்பி வரும், அதுக்குத்தான் ஊதச் சொன்னேன். குற்றாலிங்கத்தின் காதில் அந்த ஒரு வரி விழுந்த இடத்திலேயே நின்றது, அப்ப நாந்தான் வரவச்சேனா டாக்டர், என்றான், டாக்டர் எழுதுவதை நிறுத்தினார், நோய் உங்களால வரலை, என்றார், அவன் காத்திருந்தான், இல்லை என்று முழுதாகச் சொல்லிவிட மாட்டாரா என்று. அவர் உலகு பக்கம் திரும்பினார், வீட்ல யாரையாவது பார்த்தா பயமா இருக்குமாம்மா, யாராவது அடிப்பாங்களா, என்று கேட்டார். அம்மா எப்பயாவது குட்டுவாங்க, என்றாள் உலகு, எங்கப்பா அடிக்கவே மாட்டாங்க, எங்க க்ளாஸ்ல எல்லார் அப்பாவும் அடிப்பாங்க, எங்கப்பா மட்டுந்தான் அடிக்க மாட்டாங்க, நான் எல்லார்ட்டயும் சொல்லியிருக்கேன். அகல்யா வாயைத் திறந்தாள், அவனைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள், டாக்டர் தலைகுனிந்து மருந்துச்சீட்டை எழுதினார், செண்பகம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், மின்விசிறிச் சத்தத்தில் நான்தான் என்று அவன் உதடு அசைந்திருக்குமோ என்னவோ, வெளியே எதுவும் வரவில்லை.

திரும்பும் பஸ்ஸில் உலகு அவன் தோளில் சாய்ந்து தூங்கினாள், அவனும் கண்ணயர்ந்திருப்பான், ஆலங்குளம் தாண்டியிருக்கலாம், மில் முற்றம் தெரிந்தது, வரிசை வரிசையாய்த் தடிகள், எந்தத் தடியிலும் எண் இல்லை, சுடலைமணி பிரஷ்ஷோடு காத்திருக்கிறான், இவன் எல்லாவற்றையும் திரும்ப அளக்கவேண்டும், குனிந்தால் டேப்பில் கோடுகள் இருக்கின்றன, எண்கள் இல்லை, தடிகளுக்கு நடுவில் உலகு போய்க்கொண்டிருக்கிறாள், கூப்பிடுகிறான், கேட்கவில்லை, ஓடிப்போய்த் தொடலாம் என்றால் கையைத் தூக்கப் பயமாயிருக்கிறது, தூக்கினால் அது எதற்குத் தூக்கிய கை என்று அவளுக்கு எப்படித் தெரியும், பஸ் குலுங்கி விழித்தான், அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது, தூங்குகிறாளா, போயிருக்கிறாளா, உலகு, உலகு, என்று உலுக்கினான், என்னப்பா, என்று எரிச்சலோடு கண்விழித்தாள். அன்று தொடங்கியது இந்தக் கூப்பிடல். காலையும் இரவும் மருந்து, ஒரு வாரத்தில் குறைந்தது, பத்துநாளில் பார்க்கவே முடியவில்லை என்று செண்பகம் சொன்னாள், ஆனால் குற்றாலிங்கத்துக்கு மட்டும் எல்லா இடத்திலும் தெரிந்தது, சோற்றை அளைந்தபடி அவள் ஒரு நொடி சும்மா இருந்தால் உலகு என்பான், தலைபின்னும்போது கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தால் உலகு என்பான், டிவி பார்க்கும்போது கூப்பிடுவான், என்னப்பா, என்னப்பா, என்னதாம்ப்பா உனக்கு, என்பாள். கறுப்புப் பலகை சுவரில் சாத்தியபடி இருந்தது, அவன் பாயை விரிக்கவில்லை, அவளும் கேட்கவில்லை, வாய்ப்பாடு என்ற சொல்லே அந்த வீட்டில் இல்லாமல் போயிருந்தது. சொல்லிவிடவேண்டும் என்று தினமும் நினைத்துக்கொண்டுதான் மில்லிலிருந்து சைக்கிளை எடுப்பான், வீடு வரும், அவள் ஓடிவருவாள், மறுநாள் என்று ஆகிவிடும்.

இன்று அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது பாய் விரித்திருந்தது, உலகுவே விரித்திருந்தாள், பலகை நடுவில், திங்கக்கெழம பரீச்சப்பா, வகுத்தல் போட்டுப் பாக்கணும், கணக்கு குடு, என்றாள். அவன் சட்டைகூட மாற்றாமல் உட்கார்ந்தான், எண்ணூற்று அறுபத்தெட்டை ஏழால் வகு, என்றான், குரல் யாருடையதோபோல் வந்தது, அவள் சாக்பீஸை எடுத்தாள், எட்டில் ஏழு ஒரு தடவை, மிச்சம் ஒன்று, ஆறை இறக்கினாள், பதினாறு, ஈரேழு பதினாலு, அவசரமில்லாமல், ஒவ்வொரு கோட்டையும் நேராகப் போட்டு, அவன் பலகையைப் பார்க்கவில்லை, அவள் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தான். எப்பா, என்றாள் எழுதிக்கொண்டே, போயிருக்கும்போது தொட்டாலும் தெரியாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்கல்லா. ஆமா, என்றான். கிள்ளுனாலும் தெரியாதா. தெரியாது. வந்தப்புறம் வலிக்குமா. வலிக்கும், என்றான். அப்ப பாத்தியா, என்று சாக்பீஸை நீட்டி அவள் நிமிர்ந்தாள், முகத்தில் ஒரு வெற்றி, நான் சொன்னேன்லா, அந்த அகல்யா நான் போற நேரமாப் பாத்துக் கிள்ளியிருக்கா, எனக்குத் தெரியாதுன்னு அவளுக்குத் தெரியும், அவதான் மொதல்லயே கண்டுபிடிச்சிட்டாளே, கள்ளி, அவளப் பேசாம விடக்கூடாதுப்பா. பின்கட்டில் அகல்யா தண்ணீர் வாளிக்குள் எதையோ மிதக்கவிட்டுத் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள், அந்தப் பேச்சு இங்கே கேட்டது. அகல்யா கிள்ளல, என்றான் குற்றாலிங்கம். பின்ன. நாந்தான் அடிச்சேன், என்றான், நீ வாய்ப்பாட்ட நிறுத்தும்போதெல்லாம், நீ வேணும்னு நிறுத்துதன்னு நெனச்சு, அப்பாதான் அடிச்சேன்.

அவள் அவனைப் பார்த்தாள். சாக்பீஸ் கையில் இருக்கிறது, வாய் லேசாகத் திறந்திருக்கிறது, ஒன்று, இரண்டு, மூன்று, அவன் எண்ணத் தொடங்கிவிட்டான், இமை துடிக்கிறதா, தெரியவில்லை, அவன் கண்ணே கலங்கியிருந்தது, ஆறு, ஏழு, சொன்னது அவளுக்குக் கேட்டதா, சொல்லுமுன்பே போய்விட்டாளா, திரும்பச் சொல்லவேண்டுமா, திரும்பச் சொல்ல அவனிடம் அந்தச் சொல் இருக்கிறதா, உலகு, என்றான், ஏட்டி உலகு, இங்க பாரு, அப்பாவப் பாரு, என்று கெஞ்சினான், தொடப் போன கை பாதியில் நின்றது. யோசிக்கேன்பா, என்றாள் அவள், பேசாம இரு. நீட்டிய கையை அவன் மடிக்கு எடுத்துக்கொண்டான். எத்தன தடவ, என்று கேட்டாள். தெரியலம்மா, என்றான், நெசமாத் தெரியல. அவள் பலகையைப் பார்த்தாள், எட்டை இறக்கி இருபத்தெட்டாக்கி, நாலேழு இருபத்தெட்டு, நூற்றிருபத்து நாலு என்று கணக்கை முடித்து வைத்துவிட்டு, பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து பின்கட்டுக்குப் போனாள். அவன் எழுந்து நிலைப்படிவரை போய் நின்றான். உலகு வாளிக்குப் பக்கத்தில் குத்தவைத்துக் கையை முழங்கைக்கு மேலே தெரிய நீட்டினாள், கிள்ளு, என்றாள். எதுக்கு, என்றாள் அகல்யா. நான் உன்னய நெறையக் கிள்ளிருக்கேன்லா, நீ ஒண்ணுமே செய்யல, அப்பா சொல்லிட்டாங்க, கிள்ளு. அகல்யா நிமிர்ந்து நிலைப்படியில் நின்ற அவனை ஒரு பார்வை பார்த்தாள், ஈரக்கையைச் சட்டையில் துடைத்தாள், பிறகு இரண்டு நகமும் பதிய, பல்லைக் கடித்துக்கொண்டு, இத்தனை நாளையும் சேர்த்துவைத்துக் கிள்ளினாள். ஆ, என்று உலகு கத்தினாள், கண்ணில் நீர் குப்பென்று வந்தது, அந்தச் சத்தம் வீடு முழுக்கப் போய்த் திரும்பிவந்தது. வலிக்கா, என்று அகல்யா பயந்துபோய்க் கேட்டாள். வலிக்கி, என்றாள் உலகு, நல்லா வலிக்கி, என்று சொல்லிவிட்டு அவனைத் திரும்பிப் பார்க்காமலே மறு கையையும் நீட்டினாள்.